யமஹா எஃப்ஜி-180, தகமினே எஃப்-360எஸ்: பழைய ஜப்பானியக் கிதார்களில் எது?

பழைய ஜப்பானிய அக்குஸ்டிக் கிதார்களை 'வழக்குக் காலத்தவை' என்று விளம்பரப்படுத்தி விலையை ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தப் பெயருக்குக் காரணமான வழக்கு, அமெரிக்கக் கிதார் நிறுவனமான கிப்சனின் உரிமையாளரான நார்லின் நிறுவனம், ஐபனேஸ் கிதார்களை அமெரிக்காவில் விற்றுவந்த எல்ஜர் நிறுவனத்தின் மீது 1977இல் தொடுத்தது. அதுவும் எலெக்ட்ரிக் கிதார்களின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றியது. எனவே அந்த அடைமொழியை ஒதுக்கிவிட்டு, மரத்தையும் கழுத்தையும் பார்த்தே விலை பேச வேண்டும்.

1966இல் வெளிவந்த யமஹா எஃப்ஜி-180, அமெரிக்கக் கிதார் நிறுவனமான மார்ட்டினின் டிரெட்நாட் என்ற பெரிய உடலமைப்பைப் பின்பற்றினாலும் அதன் அச்சு நகலன்று. பெயரிலுள்ள 180, அன்றைய விலையான 18,000 யென்னைக் குறிக்கிறது. ஸ்ப்ரூஸ் மர மேற்பலகை, மஹாகனி மரப் பக்கங்கள், முதுகு என அனைத்தும் மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்த பலகைகளே. ஒட்டுப்பலகை என்றதும் முகம் சுளிப்பவர்கள் இதை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். ஒலி சற்று வறண்டிருந்தாலும் தெளிவாக இருக்கும், பாட்டுக்குத் துணையாகக் கார்டு (பல சுரங்களின் கூட்டொலி) வாசிப்பவரின் குரலை அது மறைக்காது. ஈரப்பதம் ஏறி இறங்கினாலும் மேற்பலகை எளிதில் பிளக்காது என்பது இதன் பெரிய பலம்.

கிஃபு மாவட்டத்தில் உருவான தகமினேயோ 1970களில் மார்ட்டினின் டி-28 மாடலை நேரடியாகவே பின்பற்றியது. தலைப்பகுதியில் மார்ட்டின் 'நிறுவியது 1833' என்று பொறிப்பதைப் போலவே, அதே பாணி எழுத்தில் 'நிறுவியது 1962' என்று பொறித்த துணிச்சலை என்னவென்று சொல்வது! எஃப்-360எஸ் என்பதன் கடைசி எழுத்து, மேற்பலகை ஒற்றைப் பலகையால் ஆனது என்பதைக் குறிக்கும். அந்த எழுத்து இல்லாத எஃப்-360இல் மேற்பலகையும் ஒட்டுப்பலகைதான் என்பதால், இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் பணம் கொடுத்துவிடக் கூடாது. பக்கங்களுக்கும் முதுகுக்கும் ரோஸ்வுட் ஒட்டுப்பலகை. மார்ட்டின் பிரேசில் ரோஸ்வுட்டைக் கைவிட்டு 1969இன் இறுதியில் மாறிய இந்திய ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமே. தகமினேயின் அடித்தந்திகள் ஆழமாக ஒலித்து நெடுநேரம் நீடிக்கின்றன. விரலால் மீட்டுபவருக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன்.

கூடுதலாகச் செலவிட முடிந்தால் கசுவோ யாயிரி பட்டறையின் அல்வாரஸ்-யாயிரியையும் தேடலாம். பெரும்பாலும் அதன் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள், பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து எண்ணும் ஜப்பானிய ஷோவா ஆண்டு என்பதால், அத்துடன் 1925ஐக் கூட்டினால் செய்த ஆண்டு தெரிந்துவிடும்.

எதுவானாலும், அரை நூற்றாண்டாகத் தந்திகள் இழுத்த கழுத்து சாய்ந்திருக்கக்கூடும். நேரான அளவுகோலை ஃபிரெட்களின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மேல் நீளவாக்கில் வைத்தால் அதன் முனை, தந்திகளை மேற்பலகையில் பிணைக்கும் பிரிட்ஜின் மேல்விளிம்பை எட்ட வேண்டும். விளிம்புக்குக் கீழே முட்டினால் கழுத்தைக் கழற்றி மீண்டும் பொருத்தும் வேலை காத்திருக்கிறது, எஃப்ஜி-180 விஷயத்தில் அதற்கான கூலி கிதாரின் விலையையே தாண்டிவிடலாம். கழுத்து சாய்ந்த தகமினேயும் கழுத்து நேரான யமஹாவும் ஒரே விலைக்கு வந்தால் நான் யமஹாவையே வாங்குவேன்.