தேக்கு என்று விற்ற மரத் தொட்டி: பணம் கட்டும் முன் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

பர்மா தேக்கில் கடைந்த பூந்தொட்டி என்று சொல்லி, காயாத ரப்பர் மரத்துக்குச் சாயம் பூசி விற்றிருக்கிறார் ஒருவர். இரண்டு தொட்டிக்கு 260 வெள்ளி, முழுப் பணமும் பேநவ்வில் (போன் வழியாக வங்கிக்கு உடனே பணம் அனுப்பும் வசதி) முன்னாலேயே வாங்கிக்கொண்டார். இப்போது போனும் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடை செய்துவிட்டார். பெயர் போடப் போவதில்லை, ஆனால் வேறு யாரும் இதேபோல் மாட்டக்கூடாது என்பதால் நடந்ததை முழுசாகவே எழுதுகிறேன்.

இங்கே சிங்கப்பூரில், யீஷூனில் அம்மா வீட்டு வாசலில் ஒரு துளசியும் ஒரு கறிவேப்பிலையும் பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கின்றன. பொங்கலுக்கு அவற்றுக்கு நல்ல மரத் தொட்டி வாங்கித் தரலாம் என்று தேடியபோது இவருடைய விளம்பரம் வந்தது. சொந்தப் பட்டறையாம், இடித்த பழைய வீட்டு உத்தரத்திலிருந்து எடுத்த தேக்காம், அவரே லேத்தில் கடைந்ததாம். ஆளும் நம்மவர்தான், வாய்க்கு வாய் அக்கா என்றுதான் பேசினார். "உள்ளே கோட்டிங் இருக்கு அக்கா, நேரா மண்ணைப் போட்டு நட்டுடலாம். தூக்கிப் பாருங்க, நல்ல கனம், அதான் தேக்கு" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. சில வாரங்களில் ஒரு தொட்டி விளிம்பிலிருந்து அடிவரை பிளந்தது. இன்னொன்றில் குண்டூசித் துளை மாதிரி துளைகள், அவற்றிலிருந்து மாவு போல மெல்லிய தூள் கொட்டிக்கொண்டே இருந்தது. பிளவு வழியாகத் தண்ணீர் ஒழுகித் தட்டில் தேங்க, கொசு வந்துவிடுமே என்று அம்மா தினமும் குனிந்து குனிந்து அதைக் கொட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு மூட்டுவலி வேறு.

விற்றவரிடம் கேட்டால் முதலில் தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டீர்கள் என்றார். அப்புறம் வெயில் என்றார், அப்புறம் "மரம்னா வெடிக்கத்தான் செய்யும் அக்கா, அது இயற்கை" என்றார். அதோடு சரி, பதிலே இல்லை.

எங்கள் புளோக்கிலேயே பல வருடமாகக் கடைசல் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்ததும் பழுப்புச் சாயம் கையோடு வந்தது, அடியில் வெளிறிய மரம். ரப்பர் மரம் என்றார். பக்கத்து மலேசியாவில் பால் வற்றிய மரங்களை வெட்டி ஏராளமாக நாற்காலி, மேசை செய்கிறார்கள், முறையாகக் காயவைத்து மருந்து ஏற்றினால் அது நல்ல மரம்தான். மருந்து ஏற்றாவிட்டால் அதிலுள்ள மாவுச்சத்துக்கு வண்டு வந்துவிடும், அந்தத் தூள் அதுதான். தேக்கை உப்புத்தாளால் தேய்த்தால் தோல் பை போல ஒரு மணம் வரும், தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். இதில் இரண்டும் இல்லை.

அப்புறம் அடியில் ஒட்டியிருந்த கம்பளித் துணி வட்டத்தை உரித்தார். அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. வெட்டிய தண்டின் நடுப்புள்ளி அப்படியே இருக்கிறது, சுற்றிலும் வளையங்கள் முழுவட்டமாகப் போகின்றன. நடுவிலிருந்து கிளம்பிய பழைய விரிசல் ஒன்றில் மரத்தூளும் சூப்பர் குளூவும் அடைத்து, மேலே சாயம் பூசி, துணியை ஒட்டி மறைத்திருக்கிறார் விற்றவர். என் கைக்கு வரும் முன்பே அது வெடித்திருக்கிறது, அவருக்கும் தெரிந்திருக்கிறது. இதற்குப் பெயர் இயற்கையா?

அண்ணன் விளக்கியது இது: மரம் காயும்போது வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிவாக்கில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நடுப்புள்ளியை உள்ளேயே வைத்து முழுத் தண்டைப் பச்சையாகக் கடைந்தால் அந்த இழுப்பு எங்கேயாவது பிளந்துகொண்டுதான் வெளியேறும். அதனால் நடுவை நீக்கிவிட்டு, சுவரைத் தடிமனாக விட்டு ஒருமுறை கடைந்து, வெட்டுமுகத்தில் மெழுகு பூசி மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். எடை குறைவது நின்றபிறகு மறுபடி லேத்தில் ஏற்றி முடிப்பார்கள். இவர் அந்தக் காத்திருப்பையே விட்டுவிட்டார். பெருமையாகச் சொன்ன கனம் முழுக்கத் தண்ணீர். உடைந்த துண்டைச் சமையல் தராசில் அவ்வப்போது வைத்துப் பார்த்தேன், எடை இறங்கிக்கொண்டே வந்தது.

நல்ல மரத் தொட்டியிலும் ஈரமண்ணை நேரடியாகப் போடக்கூடாதாம். உள்ளே தனியாகப் பிளாஸ்டிக் தொட்டி வைக்க வேண்டும், தண்ணீர் வடிய வழி வேண்டும். நேராக நடலாம் என்று அடித்துச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். துணி ஒட்டாத அடிப்பக்கத்தின் படம் கேளுங்கள். ஈரப்பத மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நம் ஊர்க் காற்றில் நன்றாகக் காய்ந்த மரத்திலேயே 15 விழுக்காடு அளவில் ஈரம் நிற்கும், 20க்கு மேல் காட்டினால் வாங்காதீர்கள். உண்மையான கைவினைஞர் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார், சந்தோஷமாகக் காட்டுவார்.

ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு: வியாபாரமாக விற்பவரிடம் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்ததாகத்தான் இங்குள்ள சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. 2012 முதல் இது நடப்பில் இருக்கிறது. சிறு உரிமைகோரல் மன்றத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போடலாம், என்னுடையதைப் போன்ற சிறு தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் விற்றவரின் சரியான பெயரும் முகவரியும் வேண்டும், அதனால் பணம் கட்டும் முன் அவற்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள். விளம்பரப் படத்தையும் பேசிய செய்திகளையும் அழிக்காதீர்கள்.

நான் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். அடியில் கறுப்புக் கம்பளி வட்டம் ஒட்டிய இதே மாதிரித் தொட்டி உங்கள் வீட்டிலும் இருந்தால் ஓர் ஓரத்தை உரித்துப் பாருங்கள், உள்ளே பசை அடைத்திருந்தால் படத்தோடு எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.