6,850 பவுண்ஸுக்குக் கறளை வாங்கினேன்: மொறிஸ் மைனர் தேடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. நேற்றுப் பின்னேரம்தான், நான் மொறிஸ் மைனர் கார் வாங்கிய இடத்துக்காரருடைய கடைசி மின்னஞ்சல் வந்தது. நாலே நாலு வரி. "காரை விற்றது நாங்கள் அல்ல, உரிமையாளருக்காக விற்றுக் கொடுத்தோம், அவ்வளவுதான்." என் 6,850 பவுண்ஸுக்கும் தங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று கதையை முடித்துவிட்டார்கள்.

லண்டனில் ஊர் ஞாபகத்தோடு ஒரு பழைய பிரிட்டிஷ் கார் வாங்க ஆசைப்படுகிற எங்கள் ஆட்கள் நிறையப் பேர். போன மாதம்கூட மூன்று பேர் என்னைக் கேட்டார்கள், எதை வாங்கலாம், என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று. விபரமாக எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முதல் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பாவிடம் கறுப்பு மைனர் ஒன்று இருந்தது. 1958ஆம் ஆண்டுக் கார். வளைவில் திரும்பும்போது கதவுக்குப் பின்னால் உள்ள தூணிலிருந்து சின்னக் கை ஒன்று மஞ்சள் வெளிச்சத்தோடு வெளியே நீளும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத் தடை. அப்பா போனற்றைத் திறந்து இரண்டு சொட்டுப் பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அம்மம்மாவையும் மூட்டைகளையும் சாவகச்சேரி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கார்தான். வன்னிக்குப் போகும்போது அங்கேயே விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது காரும் இல்லை, அது நின்ற கொட்டிலும் இல்லை. அப்பா போய் ஆறு வருடமாகிறது.

எனக்கு 45 வயதில் கொஞ்சம் காசு சேர்ந்தது. மினியின் விலை இப்போது எங்கேயோ போய்விட்டது. எம்.ஜி.பி ஜி.டி, ட்ரையம்ப் ஹெரால்ட், மைனர் மூன்றையும் வைத்து யோசித்தேன். மைனரில் மனம் நின்றதற்கு அப்பா மட்டும் காரணமில்லை. 1948இல் இருந்து 1971 வரைக்கும் பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்த கார் அது. பிறகு மினியை வரைந்த அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வரைந்தார். இன்றைக்கும் அதன் சாமான்கள் புதிதாகவே வாங்கலாம், கதவுக்குக் கீழே போடுகிற தகடு வரைக்கும். 1962க்குப் பிறகு வந்ததென்றால் 1098 சிசி இயந்திரம், இன்றைய வீதியில் மற்ற வாகனங்களோடு சமாளித்து ஓடும். நாற்பது வயது தாண்டி, பழம்பெரும் வாகனம் என்று பதிந்திருந்தால் வீதி வரி கட்டத் தேவையில்லை, புகை கூடிய வாகனங்களிடம் அறவிடுகிற லண்டன் புகை வலயக் காசும் இல்லை, எம்.ஓ.ரி என்கிற வருடாந்த வாகனப் பாதுகாப்புச் சோதனையும் கட்டாயமில்லை. இந்தக் கடைசி விஷயத்தை அப்போது நான் ஒரு நன்மையாகத்தான் எண்ணினேன்.

இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. லண்டனிலிருந்து 90 மைல். முந்தி மாட்டுப்பண்ணையாக இருந்த கட்டிடத்தில் பழைய கார்களை மட்டும் வைத்து விற்கிற இடம். உள்ளே போனால் மெழுகு வாசம். என்னுடைய கார் (இன்னும் அப்படித்தான் வாயில் வருகிறது) 1967ஆம் ஆண்டு மைனர், சாம்பல் நிறம், சிவப்பு இருக்கை. முகம் பார்க்கலாம் போல மினுக்கி வைத்திருந்தார்கள்.

அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர் ஒருவர் வந்தார். அமைதியான ஆள். விலையைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. "ஏன் மைனர்?" என்று மட்டும்தான் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மண்ணெண்ணெயை, சாவகச்சேரியை, அப்பாவை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, "உள்ளே ஏறி இருங்கள், நான் கொஞ்சம் அந்தப் பக்கம் போகிறேன்" என்று சொல்லிவிட்டு விலகிப் போனார். மைனரின் ஸ்ரியறிங் மெல்லியது, பெரியது. கையை வைத்த உடனே எனக்குக் கண் கலங்கிவிட்டது. திறப்பைத் திருப்பினால் முன்னாலிருந்து பெற்றோல் பம்ப் டிக் டிக் டிக் என்று அடித்து நிற்கும், அதுவும் அப்படியே கேட்டது. திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தவர், "இந்தக் கார் உங்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும்" என்றார்.

அந்த ஒரு வசனம்தான். 6,850 பவுண்ஸ் அந்த இடத்தில் போய்விட்டது.

மூன்று வருடத்துக்கு முதல் முழுதாகப் புதுப்பித்த கார் என்றார். தடித்த கோப்பு ஒன்றைக் கையில் தந்தார், பற்றுச்சீட்டுகள், படங்கள். நான் பாரத்தைப் பார்த்தேன், உள்ளே இருந்ததை வாசிக்கவில்லை. எம்.ஓ.ரி இருக்கிறதா என்று கேட்டேன். "சட்டமே தேவையில்லை என்று சொல்லிவிட்டது, வீணாக ஏன்?" என்றார். முற்பணம் 500ஐக் கடன் அட்டையில் கட்டுகிறேன் என்றேன். அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லையாம், வங்கியால் அனுப்பினால் உடனே வந்துவிடுமாம். அங்கே நின்றபடியே கைபேசியில் 500 அனுப்பினேன். வியாழக்கிழமை மிச்சம் 6,350ஐயும் அனுப்பினேன்.

சனிக்கிழமை அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய் எடுத்தேன். அம்மாவுக்கு 78 வயது. முன் இருக்கையில் ஏறி இருந்து, முன்தட்டை உள்ளங்கையால் மெல்லத் தடவினா. வழி முழுக்கக் கையை எடுக்கவில்லை. 90 மைல் அப்படியே வந்தோம். பின்னால் என் ஒன்பது வயதுப் பிள்ளை. அந்த 90 மைலை நினைத்தால் இப்போதும் இரவில் எழும்பி இருக்கிறேன்.

ஒன்பதாம் நாள், கிறீஸ் அடிக்க எங்கள் ஊர் அண்ணை ஒருவரின் கராச்சுக்குக் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40 கார்கள் ஓடின காலத்தில் கராச்சில் நின்று தொழில் பழகியவர். மைனரின் முன் சில்லைத் தாங்குகிற முளைக்கு ஆயிரம் மைலுக்கு ஒருக்கா கிறீஸ் அடிக்காவிட்டால் சில்லு ஒரு நாள் மடிந்து விழும், அதைத்தான் பார்க்கப் போனோம்.

அவர் ஜக்கை அதற்குரிய இடத்தில் கொடுத்து உயர்த்தினார். ஜக் ஏறியது. கார் ஏறவில்லை. அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம்.

ஒன்றும் பேசாமல் கீழே படுத்தார். அடியில் கறுப்புத் தார் போலத் தடிப்பாகப் பூசியிருந்தது. ஸ்குறூ ட்றைவரால் சுரண்டினார். கீழே தகடு வரவில்லை, நார் வந்தது. பைபர் கிளாஸ். அதற்கு மேல் பூச்சுமா வைத்து மட்டம் பண்ணியிருந்தார்கள். பின்பக்க வில்லுத்தகடு பூட்டுகிற இடத்தில் மெல்லத்தான் குத்தினார், ஸ்குறூ ட்றைவர் பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுக்க, மண்ணிறச் செதில் ஒரு கைப்பிடி அளவு அவருடைய நெஞ்சில் கொட்டியது. எழும்பி அதில் கொஞ்சத்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

"தம்பி, இதை இண்டைக்கு வீட்ட ஓட்டிக்கொண்டு போகாத."

"ஏன் அண்ணை, வெல்ட் பண்ணிச் சரிக்கட்டேலாதோ?"

"வெல்ட் பிடிக்கிறதுக்கு இரும்பு வேணுமெல்லோ. ஏ-40 எண்டால் கீழ சசி எண்ட அடிச்சட்டம் தனியாக் கிடக்கும், மேல உக்கினாலும் ஓடும். மைனருக்கு உடம்புதான் சசி. உடம்பு போனால் எல்லாம் போச்சு."

இதுதான் எங்கள் ஆட்கள் ஏமாறுகிற இடம். ஊரில் நாங்கள் பார்த்த கார்கள் ஐம்பது வருடம் ஓடின, ஆனபடியால் இரும்பு நல்ல இரும்பு என்று நம்புகிறோம். இங்கே குளிர் காலம் முழுக்க வீதியில் உப்புக் கொட்டுகிறார்கள். அது தகட்டுக்குள் புகுந்தால் உள்ளிருந்து தின்னும், வெளியே பெயின்ற் மினுங்கிக்கொண்டே இருக்கும். பழைய கார் திருத்துகிற இன்னொரு இடத்தில் எழுத்தில் விலை கேட்டேன். உடம்பு வேலைக்கு மட்டும் 5,800 பவுண்ஸ்.

அன்றிரவு கோப்பை விரித்து வைத்து எண்ணினேன். 41 பற்றுச்சீட்டு. இருக்கை, குறோம், பெயின்ற், கம்பளம். வெல்டிங் வேலைக்கென்று ஒன்றுகூட இல்லை. பிறகு அரசாங்க இணையத்தளத்தில் கார் இலக்கத்தை அடித்துப் பார்த்தேன், இலவசம், ஒரு நிமிட வேலை. 2017 செப்டெம்பரில் எம்.ஓ.ரியில் தோற்றிருக்கிறது. காரணம்: பின் வில்லுத்தகடு பூட்டும் இடத்தில் கடுமையான கறள். அதற்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை. நாற்பது வயது தாண்டிய கார்களுக்குச் சோதனை தேவையில்லை என்ற விதி வந்தது 2018 மே 20. எட்டு மாதம் ஒளித்து வைத்திருந்தால் போதும், பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். இதைத்தான் அந்த மனிதர் "வீணாக ஏன்?" என்று கேட்டார்.

இனி அவர்கள் அலைக்கழித்த கதை. ஒன்பதாம் நாள் எடுத்தேன், ஆள் இல்லை, சொல்லிவிடுகிறோம் என்றார்கள். பதினோராம் நாள் அவரே கதைத்தார், அதே அமைதியான குரல்: "பழைய கார் என்றால் கொஞ்சம் கறள் இருக்கும்தானே, படங்களை அனுப்புங்கள்." 23 படம் அனுப்பினேன். பதிலே இல்லை. பதினைந்தாம் நாள், எங்கள் மெக்கானிக் விடுமுறையில், வர இரண்டு கிழமை ஆகும். 24ஆம் நாள், காரை இங்கே கொண்டுவாருங்கள் பார்ப்போம். ஓட்ட முடியாத காரை எப்படிக் கொண்டுவருவது, ட்றெயிலர் காசு தருவீர்களா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறோம். முப்பது நாளும் போன பிறகுதான் அந்த நாலு வரி வந்தது, நாங்கள் விற்றவர்கள் இல்லை என்று. விலைச்சீட்டின் அடியில், எறும்பளவு எழுத்தில், "உரிமையாளர் சார்பில்" என்று இரண்டு சொல் கிடக்கிறது. மற்றபடி விளம்பரத்தில் அவர்கள் பெயர், விலைச்சீட்டின் தலையில் அவர்கள் பெயர், என் 6,850 பவுண்ஸ் போய் விழுந்ததும் அவர்களுடைய வங்கிக் கணக்கில்.

ஏன் முப்பது நாள் இழுத்தார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருளில் பிழை இருந்தால் முதல் 30 நாளுக்குள் அதை நிராகரித்து முழுக் காசையும் திருப்பிக் கேட்கலாம். நான் அந்த 30 நாளும் மரியாதையாகப் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். "நிராகரிக்கிறேன்" என்று ஒரு வரி எழுதவில்லை. இப்போதும் வழி அடைபடவில்லை, திருத்தித் தரச் சொல்லலாம், திருத்தம் சரிவராவிட்டால் நிராகரிக்கலாம். ஆனால் முதலில் அவர்கள்தான் விற்றார்கள் என்பதை நான் நிறுவ வேண்டும். கடன் அட்டையில் ஒரு பகுதியையாவது கட்டியிருந்தால் 1974ஆம் ஆண்டுக் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவைக் காட்டி அட்டை தந்த நிறுவனத்திடமே முழுத் தொகையையும் கேட்டிருக்கலாம். அந்த இயந்திரம் பழுது என்று சொன்னது பொய் என்று இப்போது நினைக்கிறேன். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் அன்றைக்கே அட்டையால்தான் கட்டினார், என் கண்ணாலே பார்த்தேன்.

விபரமாக எழுதுவேன் என்று சொன்னேன், இப்போது மனம் அதில் இல்லை. அவசரத்துக்கு இவற்றையாவது பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு வெளிக்கிட முதலே இலக்கத்தை அடித்து எம்.ஓ.ரி வரலாற்றைப் பாருங்கள். கட்டாயமில்லாவிட்டாலும் புதிதாக ஒரு எம்.ஓ.ரி எடுத்துத் தந்தால்தான் காசு என்று சொல்லுங்கள், அதற்கு ஆகக் கூடியது 54.85 பவுண்ஸ்தான், மறுத்தால் திரும்பி வாருங்கள். சோதனை இல்லாவிட்டாலும் ஆபத்தான காரை ஓட்டினால் 2,500 பவுண்ஸ் வரைக்கும் தண்டம், அதுவும் உங்களுக்குத்தான். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கதவுக்குக் கீழே வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. ஜக் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மரச்சட்டம் உள்ள ட்ரவலர் வகை மைனர் என்றால் மரம்தான் உடம்பைத் தாங்குகிறது, நகத்தால் அழுத்திப் பாருங்கள். யாருடைய கார் என்று எழுத்தில் கேளுங்கள். முற்பணம் கடன் அட்டையில் மட்டும். ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டால் அப்பாவைப் பற்றிச் சொல்லாதீர்கள்.

அம்மா நேற்றும் கேட்டா, கார் எப்ப வரும் எண்டு. கிறீஸ் அடிக்கக் கொடுத்திருக்கிறேன் என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கார் அண்ணையின் கராச்சில் நாலு மரக்கட்டையில் நிற்கிறது.

சிறு வழக்குகளுக்கு இங்கே 10,000 பவுண்ஸ் வரைக்கும் போடலாம், 6,850 அதற்குள் அடங்கும். வழக்குக்கு முந்திய கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். தபாற்கந்தோர் ஐந்தரைக்குப் பூட்டிவிடும், பதிவுத் தபாலில் இன்றைக்கே போட வேண்டும். போய்விட்டு வருகிறேன்.