தோட்ட எல்லை வரைய எது நல்லது: கூகுள் எர்த் புரோவா, கியூஜிஐஎஸ்ஸா?

பினாங்கில் நிபோங் திபால் பக்கம் அஞ்சாறு ஏக்கர் செம்பனை, பாலிக் பூலாவ் மலையில் கொஞ்சம் டுரியான் என்று வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே இலவசம்தான். எர்த் புரோ செயற்கைக்கோள் படம் பார்க்கும் மென்பொருள், கியூஜிஐஎஸ் (QGIS) வரைபடம் தயாரிக்கும் மென்பொருள். நிலம் எங்கே இருக்கிறது, ஏறக்குறைய எத்தனை ஏக்கர் என்று பார்க்க மட்டும் கூகுள் எர்த் புரோ தாராளமாகப் போதும். துண்டு துண்டாகப் பிரித்து உரக் கணக்கு, அறுவடைக் கணக்கு வைக்கிறவர் என்றால் கியூஜிஐஎஸ் பக்கம் வந்துதான் ஆக வேண்டும்.

ஏனென்றால் நிலத்தின் எல்லை வேறு, பயிரின் எல்லை வேறு. பட்டாவில் இருக்கும் நிலம் அப்படியே கிடக்கும், உள்ளே ஒரு பக்கம் மறுநடவு செய்து இளங்கன்றுகளுக்கு நடுவே வாழை போட்டிருப்பீர்கள், இன்னொரு பக்கம் இருபது வயது மரங்கள் நிற்கும். எர்த் புரோவில் இவற்றைத் தனித்தனிப் பலகோணமாக வரையலாம், ஆனால் பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும் வசதி அதில் இல்லை. கை லேசாக விலகினால் நடுவே ஒரு மெல்லிய சந்து விழும், இல்லையென்றால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், அப்புறம் துண்டுகளின் பரப்பைக் கூட்டினால் மொத்த நிலத்தோடு ஒத்துவராது.

கியூஜிஐஎஸ்ஸில் காந்தப் படம் போட்ட ஸ்னாப்பிங் பொத்தானைத் தட்டிவிட்டால் முனை முனையோடு போய் ஒட்டிக்கொள்ளும். டோப்பாலஜிக்கல் எடிட்டிங்கையும் போட்டுவிட்டால் பொது மூலையை இழுக்கும்போது இரண்டு துண்டும் சேர்ந்தே நகரும். நான் சொல்லும் வழி இதைவிடச் சுலபம்: நிலத்தை ஒரே பலகோணமாக வரையுங்கள், அது இருக்கும் அடுக்கை (லேயர்) நகல் எடுங்கள், நகலில் ஸ்பிளிட் கருவியால் குறுக்கே ஒரு கோடு இழுங்கள், சந்துக்கு இடமே இல்லை. மூல அடுக்கைத் தொடவே வேண்டாம், நகலான பயிர் அடுக்கின் அட்டவணையில் மட்டும் பயிர், நட்ட ஆண்டு என்று பத்திகள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவில் சேமித்தால் இரண்டு அடுக்கும் ஒரே கோப்பில் அடங்கும். ஷேப்ஃபைல் என்ற இன்னொரு வடிவம் என்றால் நாலைந்து கோப்பு, ஒன்றை அனுப்ப மறந்தாலும் தகராறு.

எர்த் புரோ ஜெயிப்பது பழைய செயற்கைக்கோள் படங்களில். ஆண்டுவாரியாகப் பின்னோக்கிப் போய் எந்தப் பக்கம் எப்போது வெட்டி நட்டார்கள் என்று பார்த்துவிடலாம், இதற்காகவே அதைக் கணினியில் வைத்திருக்கலாம்.

போனைப் பிடித்துக்கொண்டு எல்லையைச் சுற்றி நடக்கலாமே என்பார்கள். திறந்த வானத்திலேயே போன் ஜிபிஎஸ் அஞ்சு மீட்டர் வரை தள்ளிக் காட்டும், முதிர்ந்த செம்பனை ஓலைக்கு அடியில் இன்னும் மோசம். இரண்டு ஏக்கர் சதுர நிலத்தில் சுற்றிலும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமாக இரண்டு மீட்டர் தள்ளி நடந்தாலே பரப்பு 9 சதவீதம் கூடிவிடும். படத்தில் தெரியாத மூலைகளை மட்டும் கியூஃபீல்ட் என்ற போன் செயலியில் குறித்துக்கொண்டு வந்தால் சரி.

பழைய அளவைப் படம் கையில் இருந்தால் கியூஜிஐஎஸ்ஸைத் தவிர வேறு வழியில்லை. கெர்தாவ் என்ற பழைய மலேசிய அளவை அடிப்படையில் உள்ள ஆயங்களை (இடத்தைக் குறிக்கும் எண்களை) அப்படியே ஜிபிஎஸ் ஆயங்களாக எடுத்துக்கொண்டால் நிலம் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து உட்காரும், கியூஜிஐஎஸ் அதை மாற்றிக் கொடுக்கும். ஐரோப்பாவுக்குப் போகும் செம்பனைக்கும் இதே கதைதான்: அங்குள்ள 2023ஆம் ஆண்டுக் காடழிப்புச் சட்டப்படி 4 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் புள்ளி போதாது, பலகோணம் வேண்டும், அதைக் கியூஜிஐஎஸ்ஸிலிருந்து ஜியோஜேசன் கோப்பாக நேரே எடுக்கலாம். எர்த் புரோ தருவது கேஎம்எல் என்ற வேறு வகைக் கோப்பு.

டுரியான்காரர்களுக்கு ஒன்று. இரண்டு மென்பொருளும் காட்டுவது மேலிருந்து பார்க்கும் தட்டைப் பரப்பு. 25 பாகைச் சரிவில் உண்மையான தரை அதைவிடப் பத்து சதவீதம் அதிகம், புல்வெட்டக் கூலி பேசும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்காரரோடு எல்லைத் தகராறு என்றால் இந்தக் கோடு எதுவும் செல்லாது, உரிமம் பெற்ற நில அளவையாளரைத்தான் கூப்பிட வேண்டும்.