கார்த்தோலாவின் முதல் இரண்டு ஆல்பங்கள்: ஒரு மேஸ்திரி கேட்டவரையில்

பிரேசில் பாடகர் கார்த்தோலாவின் முதல் இரண்டு ஆல்பங்களையும் தயங்காமல் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். ஒன்று 1974இல் வந்தது, இன்னொன்று 1976இல். இரண்டுக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பாட்டு. போர்ச்சுகீசிய மொழி எனக்குத் தெரியாது. அர்த்தத்தைப் பிறகு ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னாலேயே பாட்டு பிடித்துப்போய்விட்டது.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் வீடு கட்டும் மேஸ்திரி. பூச்சு வேலை நடக்கும்போது சாரத்தில் ஒரு ஸ்பீக்கரைத் தொங்கவிட்டு இளையராஜா பாட்டு போடுவது எங்கள் வழக்கம். காட்பாடியில் நான் வீடு கட்டிக்கொடுத்த கல்லூரி ஆசிரியர் ஒருவர், "இவரும் கொத்தனார் வேலை பார்த்தவர்தான் மேஸ்திரி, கேட்டுப் பாருங்க" என்று லிங்க் அனுப்பினார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கேட்டேன்.

கார்த்தோலா 1908இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தவர். குடும்பம் நொடித்துப்போய், சிறுவனாக இருக்கும்போதே மங்கேய்ரா என்ற குன்றுக்குக் குடிபோனார்கள். நம் ஓல்டு டவுன் பக்கம் மலைமேல் ஏறிக்கொண்டே போகிற வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டாம். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. பதினைந்து வயதில் அம்மா இறந்துவிட்டார், அப்பா வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார். அச்சகத்தில் கொஞ்ச நாள், அப்புறம் கட்டட வேலை. தலையில் சிமெண்ட் விழாமல் இருக்கத் தொப்பி போட்டுக்கொண்டே வேலை செய்வாராம். கூட இருந்தவர்கள் தொப்பிக்காரர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராக நின்றுவிட்டது.

இந்த விஷயத்தைப் படிப்பவர்கள் சும்மா தாண்டிப் போய்விடுவார்கள். எங்களால் முடியாது. சீலிங் பூசும்போது கரணையால் அடிக்கிற கலவையில் ஒரு பங்கு முகத்திலும் தலையிலும்தான் விழும். வேர்வையில் ஊறி, சாயங்காலம் காய்ந்தால் முடி கொத்துக் கொத்தாக இறுகிப்போகும். எண்ணெய் தடவி ஊறவைத்து, விரலால் நெருடி நெருடித்தான் உதிர்க்க வேண்டும். அக்னி நட்சத்திரத்திலும் நாங்கள் துண்டை அவிழ்க்காமல் வேலை செய்வது அதனால்தான். அந்த வேலையைச் செய்துகொண்டே ஒருவர் மனதுக்குள் மெட்டுக் கட்டியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

சம்பா என்பது பிரேசிலின் தாளப் பாட்டு, ஆட்டம். 1928இல் நண்பர்களோடு சேர்ந்து மங்கேய்ரா சம்பா பள்ளியைத் தொடங்கினார். பள்ளி என்றால் பாடம் நடத்தும் இடம் இல்லை. கார்னிவல் என்ற திருவிழா ஊர்வலத்துக்காக ஊரே கூடிப் பாடி ஆடும் சங்கம். அதற்குப் பச்சையும் ரோஸும் நிறமாகத் தேர்ந்தெடுத்தவரும் இவரே. பேர்பெற்ற பாடகர்கள் இவர் பாட்டைக் காசு கொடுத்து வாங்கிப் பாடினார்கள். 1940இல் ஸ்டோக்கோவ்ஸ்கி என்ற பெரிய இசை நடத்துநர் கப்பலில் ரியோவுக்கு வந்து, பிரேசில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸ் உதவியோடு உள்ளூர்க் கலைஞர்களைப் பதிவு செய்தபோது, இவர் பாட்டும் அதில் இருந்தது. அப்புறம் ஆளே காணாமல் போனார். இறந்துவிட்டார் என்றே பலர் நினைத்தார்கள். 1956 வாக்கில் செர்ஜியோ போர்ட்டோ என்ற பத்திரிகையாளர் கண்டுபிடித்தபோது, ரியோவின் இபனேமா பகுதியில் கார் கழுவிக்கொண்டிருந்தார். மனைவி ஜீக்காவோடு சேர்ந்து 1963இல் ஓர் ஓட்டல் திறந்தார். அந்த அம்மா சமைக்க, இவர் பாட. ஓட்டல் சில வருடத்தில் மூடிவிட்டது, ஆனால் பவுலீன்யோ த வியோலா மாதிரி இளைஞர்கள் மேடை ஏறியது அங்கேதான். தன் பெயரில் முதல் எல்பி இசைத்தட்டு வரும்போது வயது அறுபத்தைந்து.

சரி, ஆல்பத்துக்கு வருவோம். 1974 ஆல்பம் இளைத்த உடம்பு மாதிரி, ஒரு சதை கூட அதிகம் இல்லை. முக்கியமாகக் கேட்பது கிடார், கவாகீன்யோ என்ற நான்கு தந்திக் குட்டிக் கருவி, கஞ்சிரா போன்ற பந்தேரு, இவர் குரல். ஏழு தந்தி கிடாரை வாசிப்பவர் தீனோ. கீழ்த் தந்தியில் அவர் போடுகிற ஓட்டத்தைத் தனியாகக் கவனியுங்கள். கார்த்தோலா ஒரு வரி பாடி மூச்சு விடுகிற இடைவெளியில் அது கீழே இறங்கி நடந்து வந்து, அடுத்த வரி தொடங்கும் இடத்தில் சரியாக நிற்கும். என் ஸ்பீக்கரில் அது கேட்கவே இல்லை. இயர்போனில்தான் தெரிந்தது. ஆகவே போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுச் சுமார் என்று சொல்லிவிடாதீர்கள்.

குரல் இனிமையான குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, மூக்கில் லேசாக ஏறும். எங்கேயும் இழுத்துக் காட்டமாட்டார், சங்கதி போடமாட்டார். அளந்து வைத்த மாதிரி ஒவ்வொரு வார்த்தையையும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். சைட்டில் ஒருநாள் இதைப் போட்டபோது சித்தாள் அக்கா சொன்னார்: "சோகமா கீதுண்ணா, ஆனா காலு மட்டும் தாளம் போடுது." சம்பாவைப் பற்றி இதைவிடச் சரியாக யாராவது எழுதியிருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

1976 ஆல்பம்தான் அதிகம் பேசப்படுவது. அட்டையில் அவரும் ஜீக்காவும் ஜன்னலில் நிற்பார்கள். முதல் பாட்டில், வீட்டைவிட்டுப் போகிற இளம்பெண்ணிடம், உலகம் ஓர் ஆலை, உன் கனவையெல்லாம் அரைத்துவிடும் என்று ஒரு பெரியவர் சொல்கிறார். திட்டு இல்லை, சாபம் இல்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அர்த்தம் தெரிந்த பிறகு இந்தப் பாட்டைச் சைட்டில் போடுவதில்லை, ராத்திரி மொட்டைமாடியில்தான் கேட்கிறேன். ஐந்தாவது பாட்டு இவர் எழுதியது இல்லை, காந்தெய்யா என்ற இன்னொரு சம்பா கலைஞர் எழுதியது. ஆரம்பத்தில் பசூன் என்ற மரக்குழல் ஒன்று தனியாக வரும். நம் நாதஸ்வரத்தைவிடக் கீழே, தொண்டைக்குள்ளிருந்து வருகிற சத்தம். எட்டாவது ரோஜாப் பாட்டு. தோட்டத்தில் ஏன் இத்தனை ரோஜா பூக்கிறது என்று ஜீக்கா கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும், ரோஜா பேசாதே" என்றாராம். அதிலிருந்து பிறந்தது என்று சொல்வார்கள்.

குறை என்றால், நான் பாட்டுக் கேட்கும் ஆப்பின் இலவசத் திட்டத்தில் வரிசை மாறி மாறி வருகிறது, நடுவில் விளம்பரம் கத்துகிறது. பசூன் முடிந்த கையோடு சோப்பு விளம்பரம் வந்தால் எப்படி இருக்கும்? இந்த ஆல்பத்துக்காகவே ஒரு மாதம் பணம் கட்டினேன், வீணாகவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் எல்பி விலை என் கைக்கு எட்டாது. அதோடு 1976 ஆல்பத்தின் பின்பாதியில் ஓரிரு பாட்டுகள் ஒன்றுபோலவே இருப்பதாக எனக்குத் தோன்றியது.

ஒன்றைத்தான் கேட்க நேரம் இருக்கிறது என்றால் 1974ஐ எடுங்கள். ஊரெல்லாம் 1976ஐச் சொல்லும், சொல்லட்டும். ஒரு வாழ்நாள் காத்திருந்தவர் ஸ்டூடியோவுக்குள் போய் அவசரமே படாமல் பாடியிருப்பது முதல் ஆல்பத்தில்தான் இருக்கிறது. பிடித்துப்போனால் 1977இலும் 1979இலும் வந்தவை இருக்கின்றன. 1980இல் அவர் போய்விட்டார், அதனால் தேடிக் கேட்க வேண்டிய பட்டியல் பெரிதில்லை.