ஹெச் போட பதினைந்து நாள், கோரிப்பாளையம் தாண்ட ஆறு காலை

மலேசியாவில், ஈப்போவில் பதினொரு வருடம் காடி ஓட்டியவள் நான். எங்கள் பக்கம் காரைக் காடி என்றுதான் சொல்வோம். கல்யாணமாகி மதுரைக்கு வந்த முதல் வாரம், "எனக்குக் காடி நல்லா ஓட்ட வரும் அத்தை" என்று பெருமையாகச் சொன்னேன். மாமியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இங்கே காடி என்றால் ஊறுகாயில் ஊற்றுகிற புளிப்புச் சமாச்சாரமாம்.

அப்படிப்பட்ட நான் இங்கே ஒரு டிரைவிங் ஸ்கூலில் காசு கட்டிச் சேர்ந்து, ஒரு தடவை ஃபெயிலாகி, ஒருவழியாக லைசன்ஸ் வாங்கினேன். அந்த ஸ்கூலைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். அண்ணா நகர்ப் பக்கம், மாடியில் ஒற்றை அறை, கீழே எல் போர்டு வைத்த இரண்டு ஆல்டோ.

முதலில், ஏன் சேர்ந்தேன் என்பது. ஊரிலிருந்து சர்வதேச அனுமதிப் புத்தகம் வாங்கி வந்திருந்தேன். அது ஒரு வருடத்துக்குத்தான். அது கையில் இருந்தும் முதல் நாலு மாதம் சாவியைத் தொடவே இல்லை. இங்கேயே இருக்கப்போகிறவளுக்கு இந்த ஊர் லைசன்ஸ்தான் சரி என்று என் கணவர் சட்டத்தைப் புரட்டினார். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம், 9ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: வேறு நாட்டு லைசன்ஸ் வைத்திருப்பவர், உடல்தகுதிச் சான்று கொடுத்தால், ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. அதை அச்செடுத்துக்கொண்டு போனோம். கவுண்டரில் இருந்தவர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும்மா, எல்எல்ஆர் போட்டுட்டு வாங்க" என்றார். எல்எல்ஆர் என்றால் பழகுநர் லைசன்ஸ்.

சண்டை போட்டிருக்கலாம். என் கணவர் தயாராகத்தான் இருந்தார். நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். பதினொரு வருடத்தில் ஒன்பது வருடம் நான் ஓட்டியது மைவி என்கிற ஆட்டோ கியர் கார். இடது காலுக்குக் கிளச் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. அதோடு, சிம்மக்கல்லில் சாலையைக் கடக்கவே மாமியார் கையைப் பிடித்துக்கொள்கிறவள் நான். சட்டம் என்னை நம்பினாலும் நான் என்னை நம்பவில்லை.

ஸ்கூலில் மேசையில் இருந்த பெண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பாஸ்போர்ட்டில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஏ, ஒரு சாய்கோடு, பி என்று இருக்கும். அனாக் பெரெம்புவான், மலாயில் மகள் என்று அர்த்தம். ஆன்லைன் படிவம் அந்தச் சாய்கோட்டை ஏற்கவே மாட்டேன் என்றது. நான் மூன்று ராத்திரி முயன்று விட்டுவிட்டேன். அந்தப் பெண் ஒரே நிமிடத்தில் கோட்டை எடுத்துவிட்டு வெறும் இடைவெளி விட்டு ஏற்றினாள். பாஸ்போர்ட், விசா, தங்கும் அனுமதி, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்பதும் அவளுக்குத்தான் தெரிந்தது. ஆதார் இருந்தால் எல்எல்ஆர் தேர்வை வீட்டிலேயே எழுதிவிடலாம். வெளிநாட்டுக்காரர் ஆதாருக்கு விண்ணப்பிக்கவே பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு ஆகவில்லை. நேரில் போய் எழுதினேன். ஈப்போவில் 50 கேள்விக்கு 42 சரியாக வர வேண்டும் என்று கண் விழித்துப் படித்தது நினைவுக்கு வந்தது. இங்கே அந்தப் பாடெல்லாம் படவில்லை. எல்எல்ஆர் கிடைத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்.

வகுப்பு காலை ஆறரைக்கு. மாஸ்டருக்கு அறுபது வயதிருக்கும், நெற்றியில் பட்டை விபூதி. லெஃப்ட், ரைட் என்று சொல்லவே மாட்டார். "அங்கிட்டு ஒடி தாயி… இங்கிட்டு ஒடி… நேர் பண்ணு." எது அங்கிட்டு, எது இங்கிட்டு என்று பிடிபடவே எனக்கு மூன்று நாள் ஆனது. அவர் பக்கமும் கிளச், பிரேக் உண்டு. அந்த மூன்று நாளும் வண்டியை ஓட்டியது அவர் கால்தான், நான் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன்.

பதினைந்து வகுப்பில் பாதிக்கு மேல் ஹெச்சுக்கே, அதாவது டெஸ்டுக்காக வண்டியை ஹெச் எழுத்து வடிவில் முன்னும் பின்னும் எடுத்துப் பழகுவதற்கே, போய்விடுகிறது. இதுதான் என் முதல் குறை. ஒரு காலி மனையில் கம்பி நட்டு வைத்திருக்கிறார்கள். "பின் கண்ணாடி மூலையில மூணாவது கம்பி தெரிஞ்சதும் ஃபுல்லா ஒடி, தோள்பட்டைக்கு நேரா வந்ததும் நேர் பண்ணு." வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ஏன் ஒடிக்கிறோம், பின் சக்கரம் எங்கே போகிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. டெஸ்ட் மைதானத்துக்குப் போனால் அங்கே கம்பிகளின் இடைவெளியே வேறு. மூன்றாவது கம்பிக்காகக் காத்திருந்தேன். அது தெரிவதற்குள் இரண்டாவது கம்பியில் பம்பர் உரசிவிட்டது. வண்டியில் முட்டியதே தெரியவில்லை, வெளியே வரிசையில் நின்றவர்கள் "அச்சச்சோ" என்றதில்தான் தெரிந்தது. ஃபெயிலானால் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி வர முடியும். அந்த ஏழு நாளில் என் கணவர் தெருவில் இரண்டு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்து, கம்பியை எண்ணாமல் கண்ணாடியைப் பார்த்து எடுக்கச் சொல்லிக் கொடுத்தார். பாஸ்.

இரண்டாவது குறை பணம். பயிற்சிக்கு 6,500 ரூபாய், ரசீது உண்டு. அதற்கு மேல் "ஆபீஸ் செலவு" என்று 2,500. அரசுக் கட்டணம் என்று பார்த்தால் எல்எல்ஆருக்கு 150, அதன் தேர்வுக்கு 50, ஓட்டிக் காட்டுவதற்கு 300, அட்டைக்கு 200. சில்லறைக் கட்டணங்களைச் சேர்த்தாலும் 2,500க்குப் பக்கத்தில்கூட வராது. மிச்சம் எதற்கு என்று கேட்டேன். மேசைப் பெண் சிரித்தாள், முதலாளி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அரை மணி வகுப்பு என்பதிலும், பின் சீட்டில் இன்னும் இரண்டு பேர் காத்திருப்பதால், கைக்கு ஸ்டீயரிங் வருவது இருபது நிமிடம்தான்.

இவ்வளவு சொல்லியும் இந்த ஸ்கூலுக்குப் போகலாம் என்பேன். காரணம், லைசன்ஸுக்குப் பிறகு நான் தனியாகக் கேட்டு எடுத்த ஆறு காலைகள். ஒரு காலைக்கு 400 ரூபாய், ஒரு மணி நேரம், பின் சீட்டில் யாரும் இல்லை. போர்டில் இது எழுதியிருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள்.

முதல் நாள் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி. இரண்டாம் நாள் காமராசர் சாலை வழியாக விளக்குத்தூண் வரைக்கும். காளவாசல் மேம்பால ஏற்றத்தில் நடுவில் வண்டி நின்றுவிட்டபோது, ஒரு அங்குலம் பின்னால் வராமல் ஹேண்ட் பிரேக்கை விட்டு எடுத்தேன். "யாருத்தா சொல்லிக் குடுத்தது?" என்று மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஊர் டெஸ்டில் மேடு ஏறி நிறுத்தி எடுக்கிற பகுதி ஒன்று உண்டு, புக்கிட் என்போம். அத்தனை நாளில் நான் அவருக்கு ஒன்றைக் காட்டியது அந்த ஒருமுறைதான்.

ஐந்தாம் நாள் காலை எட்டரைக்கு கோரிப்பாளையம். இடது பக்கம் டவுன் பஸ், வலது பக்கம் ஷேர் ஆட்டோ, முன்னால் கேஸ் சிலிண்டரைக் குறுக்கே வைத்து ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். நான் இடம் விட விட, அந்த இடத்தில் இன்னொருவர் வந்து நின்றார். பின்னால் அத்தனை ஹாரன்.

"நீ ஏன் அடிக்க மாட்டேங்கிற?"

"எங்க ஊர்ல ஹாரன் அடிச்சா சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி மாஸ்டர்."

"இங்க அது திட்டுறது இல்ல தாயி. 'நான் வாரேன்'னு சொல்றது. லாரிக்காரன் முதுகுலயே எழுதி வச்சிருக்கான், சவுண்ட் ஹாரன்னு. அவனே கேக்குறான், உனக்கென்ன?"

அடித்தேன். சிலிண்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அரை அடி நகர்ந்துகொண்டார். யாருக்கும் கோபமில்லை. ஏவி பாலம் ஏறி வைகையைத் தாண்டும்போது என் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. மாஸ்டர் ஜன்னல் கம்பியில் கை வைத்துக்கொண்டு, அவர் பக்கத்துப் பிரேக்கிலிருந்து காலை எடுத்து மடித்து உட்கார்ந்திருந்தார்.

லைசன்ஸ் அட்டை தபாலில்தான் வரும். வீட்டில் ஆள் இருக்க வேண்டும். எனக்கு முப்பத்து நாலு வயது என்பதால் பத்து வருடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் பெயருக்கு நடுவே ஏ, பி இரண்டும் சாய்கோடு இல்லாமல் நிற்கின்றன. கவரைப் படித்துப் பார்த்த தபால்காரர், "ஏ.பி.ங்கிறது இனிஷியலாம்மா?" என்றார். ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.