நட் பள்ளம் வெட்ட: ஃபீலர் கேஜா, கடை அரமா?

கிட்டாரின் நட்டில் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) கம்பி உட்காரும் பள்ளம் ஆழம் போதாவிட்டால், முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தும்போது விரல் வலிக்கும், சுருதியும் ஏறிவிடும். ஆழப்படுத்த, அளவு வாரியாக விற்கும் நட் அரங்களை வாங்கலாம். அல்லது பைக் மெக்கானிக்குகள் டேப்பெட் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜின், வெவ்வேறு தடிமனுள்ள மெல்லிய எஃகுத் தகடுகளுக்குப் பல் வெட்டிக்கொள்ளலாம்.

விலையில் போட்டியே இல்லை. ஒரு முழு அரத் தொகுப்பின் விலைக்குச் சுமாரான கிட்டாரே வாங்கிவிடலாம். தகட்டை வைஸில் இறுக்கி, முக்கோண அரத்தால் விளிம்பு நெடுகக் கீறினால் குட்டி ரம்பம் தயார். கடினமான எஃகு என்பதால் அரம் முதலில் வழுக்கும், பொறுமை வேண்டும். 0.010 அங்குலக் கம்பிக்கு 0.25 மி.மீ. தகடு கிட்டத்தட்டச் சரியான அளவு.

தடித்த கம்பிகளில்தான் சிக்கல். 0.046 அங்குலம் என்பது ஏறக்குறைய 1.17 மி.மீ.; சாதாரண கேஜ்கள் பெரும்பாலும் 1 மி.மீட்டரோடு நின்றுவிடும். தகடு வெட்டும் பள்ளத்தின் அடியும் தட்டையாக இருக்கும். உருண்டைக் கம்பி அதில் சரியாகப் பதியாமல் இரையும். கடை அரத்தின் விளிம்பு வளைவானது என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே மெல்லிய மூன்றுக்குத் தகடு, தடித்த மூன்றுக்கு வாங்கிய அரம் என்பதே என் கட்சி. எதை எடுத்தாலும் பள்ளம் தலைப்பக்கம் சற்றே சரிய வேண்டும். மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தினால், முதல் ஃப்ரெட்டின் மேல் மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். அது மறைந்துவிட்டால் எலும்புத் தூளும் சூப்பர் குளூவும் வைத்து அடைத்து, மறுபடி வெட்டவேண்டியதுதான்.