தாமிரபரணியை எந்த ஸ்பெல்லிங்கில் தேடுவது? ஸ்காலர், ஜேஸ்டோர், ஷோத்கங்கா: ஓர் அலசல்

அக்கா மகள் பாளையங்கால்வாய்ப் பாசனக் குளங்களைப் பற்றி ஆராய முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறாள். போன மாதம் ஒரு சாயங்காலம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள்.

"மாமா, இந்த ஸ்காலர்ல என்ன போட்டாலும் ஒரு மண்ணும் வரமாட்டேங்கு."

"என்னன்னு போட்டே?"

"பாண்ட், கெனால், தாமிரபரணி."

மூன்றுமே அவளைக் கவிழ்த்துவிட்டன. நம் குளத்துக்கு இந்தியப் பாசன ஆங்கிலத்தில் 'டேங்க்' என்று பெயர். கோடகன், கன்னடியன், பாளையங்கால் என்ற நம் கால்வாய்கள் எல்லாம் பழைய பதிவேடுகளில் 'சேனல்'. மருதூரிலும் சுத்தமல்லியிலும் இருக்கும் தடுப்புக்குப் பெயர் 'அனிகட்'. நம் அணைக்கட்டுதான் வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆனது. ஆற்றின் பெயரோ இன்னும் மோசம். 'டி'க்குப் பின்னால் 'ஹெச்' போட்டு ஒருவர், போடாமல் ஒருவர், நடுவில் 'பி' வைத்து ஒருவர், 'பி'யை எடுத்துவிட்டு ஒருவர். பழைய ஆங்கில ஆவணங்களில் அது 'தாம்ப்ரபர்ணி'. சமஸ்கிருத வடிவத்தில் தட்டினால் இலங்கை வந்து நிற்கும், ஏனென்றால் அந்தத் தீவுக்கும் ஒரு காலத்தில் அதே பெயர்.

ஆகவே எந்தத் தளம் உசத்தி என்று பேசுவதற்கு முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். நாம் தப்பாகத் தட்டினால் அது என்ன செய்கிறது? நான் தளங்களை எடைபோடுவது இதை வைத்துத்தான்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் 2004-ல் வந்தது. அது கட்டுரையின் தலைப்பை மட்டும் பார்ப்பதில்லை, கைக்கு எட்டுகிற இடத்திலெல்லாம் முழு உரைக்குள்ளும் நுழைந்து தேடுகிறது. 43-ஆம் பக்கத்து அடிக்குறிப்பில் யாரோ கோடகன் கால் என்று எழுதியிருந்தால் அதையும் இழுத்துக்கொண்டு வரும். இந்த ஒரு காரியத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் அதற்குப் பொருள் தெரியாது, எழுத்துதான் தெரியும். 'டேங்க்' என்று மட்டும் போட்டால் ராணுவ டாங்கியும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்தே வரும். அதனால் 'டேங்க் இர்ரிகேஷன்' என்று இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். ஆற்றுப் பெயரின் நாலு ஸ்பெல்லிங்கையும் நடுநடுவே பெரிய எழுத்தில், 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' (OR) என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டுக் கோர்க்க வேண்டும். சின்ன எழுத்தில் போட்டால் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது.

இன்னொரு கோளாறு: எத்தனை லட்சம் முடிவு என்று மேலே பீற்றிக்கொண்டாலும் 1,000-க்கு மேல் காட்டாது. அதிலும் நிறையப் பேர் மேற்கோள் காட்டிய கட்டுரைக்கே முன்வரிசை. நம் பக்கத்து ஊர்க் குளத்தைப் பற்றி யார் ஆயிரம் பேர் மேற்கோள் காட்டப் போகிறார்கள்? நல்ல இதழும் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழும் அங்கே ஒரே பந்தியில்தான் உட்கார்ந்திருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி, நல்ல இதழ்கள் இவை என்று போட்டுவந்த தன் கேர் பட்டியலையும் 2025-ல் நிறுத்திவிட்டது. இலையைப் பார்த்துச் சாப்பிடுவது இனி நம் பாடு.

இருந்தும் ஸ்காலரை நான் விடாமல் இருப்பது 'சைட்டட் பை' என்ற சின்ன இணைப்புக்காக. நல்ல கட்டுரை ஒன்று கையில் சிக்கிவிட்டால், அதற்குப் பின்னால் வந்தவர்களில் யாரெல்லாம் அதை எடுத்தாண்டார்கள் என்று ஒரே சொடுக்கில் தெரியும். அந்தப் பட்டியலுக்குள்ளேயே மறுபடி தேடவும் வசதி உண்டு. அங்கே ஸ்பெல்லிங் தொல்லை பாதியாகக் குறைந்துவிடும்.

ஜேஸ்டோர் வேறு ரகம். 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய லாப நோக்கமில்லாத அமைப்பு அது. நூலக அலமாரிகளை அடைத்துக்கொண்டிருந்த பழைய இதழ்களை முதல் இதழிலிருந்து ஸ்கேன் செய்து வைப்பதுதான் அதன் வேலை. வரலாறு, மானுடவியல், பொருளாதாரம் என்றால் நான் முதலில் போவது அங்கேதான். எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியும் அங்கே கிடைக்கிறது. கல்லூரி சந்தா இல்லாவிட்டாலும் சொந்தக் கணக்கு தொடங்கி 30 நாளைக்கு 100 கட்டுரை வரை திரையில் இலவசமாகப் படிக்கலாம். இறக்கிக்கொள்ள விடமாட்டார்கள், நோட்டை எடுத்து வைத்துக் குறிப்பெடுக்க வேண்டியதுதான். பல இதழ்களில் கடைசி மூன்று, ஐந்து வருஷத்து இதழ்கள் இருக்காது. பதிப்பாளர்களோடு அப்படி ஒப்பந்தம். ஆற்று நீரின் வேதியியல், மீன் வகை என்று போகிறவர்களுக்கு அங்கே பெரிதாக வேலையில்லை.

பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது நம் மாவட்டத்துக்கென்றே ஒரு பொறி உண்டு. 'திருநெல்வேலி மாவட்டம்' என்று எழுதியிருந்தால் அது எந்த வருஷத்துத் திருநெல்வேலி? 1910-க்கு முன் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் உள்ளே. 1986-க்கு முன் என்றால் தூத்துக்குடி, கோவில்பட்டி எல்லாம் உள்ளே. 2019-ல்தான் தென்காசி பிரிந்தது. அதனால் 1970-ஆம் வருஷத்துப் பாசனப் பரப்பை இன்றைய கணக்கோடு அப்படியே ஒப்பிட்டால் காரியம் கெட்டுவிடும். இது போதாதென்று 1986-க்கும் 1997-க்கும் நடுவே மாவட்டத்தின் பெயரே 'நெல்லை கட்டபொம்மன்'. அந்தப் பத்து வருஷத்துக் கட்டுரைகளைத் தேடுகிறவர்கள் அந்தப் பெயரையும் ஒரு தரம் போட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துக்கு 'டின்னவேலி', பாளையங்கோட்டைக்கு 'பாலம்கோட்டா'. இதையெல்லாம் எந்தத் தளமும் தானாகச் சேர்த்துத் தேடித் தராது.

ஷோத்கங்கா என்றதும் அவள் முகம் சுளித்தாள். "அதுல எல்லாம் தீஸிஸ்தான மாமா, கட்டுரை கிடையாதே." கிடையாதுதான். காந்திநகரில் இருக்கும் யூஜிசியின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃபிளிப்நெட் நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம் அது. முனைவர் பட்ட ஆய்வேட்டை மின்வடிவிலும் தர வேண்டும் என்று 2009-ல் யூஜிசி விதி கொண்டுவந்தது. அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளும் அங்கே நிறைய உண்டு.

நெல்லைச் சீமையைப் பற்றி எழுத வந்தவர்கள் முதலில் திறக்க வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி. காரணம் ஆய்வேட்டின் தரமில்லை. சிலது நன்றாக இருக்கும், சிலது முன்னால் வந்ததன் நிழலாக இருக்கும். முன்னால் வந்த ஆய்வுகளைச் சொல்லும் அதன் இரண்டாம் இயலும் கடைசியில் வரும் நூற்பட்டியலும்தான் நமக்கு வேண்டும். இதே ஊரில் இதே ஆற்றைப் பற்றி உனக்கு முன்னால் ஒருத்தி ஐந்து வருஷம் அலைந்து சேர்த்த பட்டியல் அங்கே இயல் இயலாகப் பிடிஎஃப்பில் கிடக்கிறது. எந்த அரசாணை, எந்தக் கெஜட்டியர், எந்த ஆங்கிலக் கட்டுரை, ஆசிரியர் ஆற்றுப் பெயரை எப்படி எழுதினார் என்பது வரை அதில் இருக்கும். அந்தத் தலைப்புகளை அப்படியே நகலெடுத்து ஸ்காலரில் ஒட்டினால் ஸ்பெல்லிங் யுத்தம் அங்கேயே முடிந்தது.

குறையும் உண்டு. அதன் தேடுபெட்டியில் தலைப்பு, ஆய்வாளர் பெயர், நெறியாளர் பெயர் என்று தேடினால்தான் உருப்படியாக ஏதாவது வரும். தமிழ் ஆய்வேட்டின் தலைப்பைச் சிலர் தமிழில் ஏற்றியிருப்பார்கள், சிலர் ஆங்கில எழுத்தில். இரண்டு விதமாகவும் தட்ட வேண்டும். பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த ஆய்வேட்டுக்குள் 'மடை' என்றோ 'கலுங்கு' என்றோ தேடினால் சிக்காது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு வேறு ஏதோ எழுத்து. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும்.

தேடுவது ஒன்று, திறப்பது வேறொன்று. ஸ்காலரில் தலைப்பு கிடைக்கும், சொடுக்கினால் பதிப்பகத்தின் வாசலில் காசு கேட்பார்கள். நான் படிக்கும்போது அப்படி ஒரு கட்டுரைக்குச் சிநேகிதனின் கிரெடிட் கார்டில் 30 டாலருக்கு மேல் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அதே கட்டுரை ஆசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் சும்மா கிடந்தது. ஸ்காலரில் பல முடிவுகளுக்குக் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' என்று இருப்பதை அதுவரை நான் தொட்டதே இல்லை. இப்போது அதைத்தான் முதலில் அழுத்துகிறேன். அன்பேவால் என்ற உலாவி நீட்சியும் இலவசப் பிரதி இருந்தால் காட்டிக்கொடுக்கும்.

சந்தா வழியில் திறப்பதற்கு இப்போது மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது: 2025 முதல் மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது இந்த வாசல். முதல் கட்டத்தில் சுயநிதிக் கல்லூரிகள் இதற்குள் வரவில்லை. ஒரே பேருந்தில் ஏறிப் பக்கத்துப் பக்கத்து நிறுத்தத்தில் இறங்கும் இரண்டு மாணவிகளில் ஒருத்திக்குக் கதவு திறக்கும், மற்றவளுக்குத் திறக்காது. சந்தாவுக்குள் இருப்பவர்கள் நூலகரிடம் போய் லாகின் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

ஆய்விதழ்களையும் மேற்கோள்களையும் பட்டியலிடும் ஸ்கோபஸ் தளத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தன் கட்டுரை வந்த இதழ் அதில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் நம்மவர்கள் அதைத் திறக்கிறார்கள்.

மருத்துவம் படிப்பவர்களுக்கு மட்டும் என் வரிசை செல்லாது. ஹைகிரவுண்டில், அதாவது நெல்லை அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் நேரே மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தளத்துக்குப் போகட்டும். அங்கே கட்டுரைகளுக்கு 'மெஷ்' என்ற பொருள்தலைப்புகளைக் குத்தி வைத்திருக்கிறார்கள். பாம்புக்கடியைப் பற்றிய கட்டுரையில் ஆசிரியர் எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும் 'ஸ்நேக் பைட்ஸ்' என்ற ஒரே தலைப்புக்குக் கீழே வந்து சேர்ந்துவிடும். நாம் 'ஹார்ட் அட்டாக்' என்று தட்டினால் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்று அதுவே எடுத்துக்கொள்ளும். நாம் தட்டியதை அது எப்படிப் புரிந்துகொண்டது என்பதையும் திறந்து பார்க்கலாம். குளத்துக்கும் கால்வாய்க்கும் இப்படி ஒரு பட்டியல் போட்டுவைக்க ஆளில்லாமல் போயிற்று.

"சரி மாமா, அப்ப முதல்ல ஷோத்கங்கா. அந்தத் தலைப்பை ஸ்காலர்ல. பழசுன்னா ஜேஸ்டோர். தொறக்காட்டா நூலகர்ட்ட லாகின்."

"அதுக்கு முன்னால ஒரு தாள் எடுத்து ஆத்துப் பேரையும் ஊர்ப் பேரையும் எத்தனை விதமா எழுதலாம்னு எழுதுட்டி."

எழுதத் தொடங்கினாள். மேலப்பாளையத்துக்கு வரும்போதே தாளின் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.